ஏழு தலைமுறைப் புகையிலை

கண்ணாடித் துரை முதல் இழுப்பை இழுத்தார்.

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நாங்கள் ஐந்தாறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். எனக்கு இடப்பக்கம் என் வீட்டுக்காரர் மாரிமுத்து. அவர் அக்குளில் ஒரு கட்டுப் புகையிலை. நாங்களே நட்டு, நாங்களே பறித்து, நாங்களே உலர்த்தியது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பழைய காகிதத்தில் சுருட்டி, கணக்கெழுதும் கிராணியார்தான் துரைக்குப் பற்ற வைத்துக் கொடுத்தார்.

துரையின் கன்னம் ஒட்டியது. கண் மூடியது. ஆள் சொர்க்கத்துக்கே போய்விட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு இருமல். முதலில் கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு சுருட்டு விழுந்தது. துரை தூணைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் ஷீட்டைக் கொளுத்திப் போட்ட நாற்றம் ஆபீஸ் முழுக்கப் பரவியது. கிராணியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமலுக்கா சிரிப்புக்கா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

அந்த நாற்றம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். பொய் சொன்னது நான்தான்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மரவள்ளிக் கிழங்கு மாவில் நாங்கள் இட்லி சுட்ட கதையைப் போன வாரம் படித்துவிட்டு, ஒரு வாசகி பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார், 'இந்த அம்மா சொல்வதில் பாதி கட்டுக்கதை' என்று. பாதிதான் என்று கண்டுபிடித்ததே பெரிய கெட்டிக்காரத்தனம், தங்கச்சி. எந்தப் பாதி என்று நான் சாகும்வரை சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த வாரம் எழுதுவது அத்தனையும் நடந்தது.

பெரட்டில் ஒரு பேர்

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த கொஞ்ச நாளிலேயே வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். பங்களாவில் ஜப்பான் துரை வந்து உட்கார்ந்தார். பட்டாளத்து ஆள் இல்லை, சிவில் ஆள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் லயத்து வரிசை வீட்டுச் சனம் அவருக்குக் கண்ணாடித் துரை என்று பேர் வைத்தது. அந்தப் பங்களாவில் யார் வந்து உட்கார்ந்தாலும் எங்களுக்கு அவர் துரைதான்.

ரப்பர் வாங்க ஆளில்லை. பால்மரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளியும் சக்கரைவள்ளியும் போடச் சொன்னார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். துணிக்குப் பதில் கோணி. இவையெல்லாம் ஏற்கெனவே எழுதியதுதான்.

துரைக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. சிகரெட். அவருக்கு வரும் பங்கு மாதத்தில் முதல் வாரமே தீர்ந்துவிடும். மிச்ச நாளுக்குப் பப்பாளி இலையைக் காயவைத்துப் புகைத்தார். தேயிலைத் தூளைப் புகைத்தார். ஒருமுறை முருங்கை இலையைக்கூட முயன்று பார்த்தார் என்று பங்களாவில் சமைத்த ஆள் சொன்னார். இதை நான் காதில் வாங்கி மனசில் போட்டு வைத்திருந்தேன்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஒவ்வொரு எஸ்டேட்டும் இத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. முதலில் கலியாணம் ஆகாதவர்களைக் கொண்டுபோனார்கள். அடுத்தது கலியாணமாகியும் பிள்ளை இல்லாதவர்கள். எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை.

காலையில் ஆள் எண்ணும் இடத்தை நாங்கள் பெரட்டு என்போம். அன்றைக்குப் பெரட்டில் கிராணியார் பட்டியலைப் பிரித்து வாசித்தார். மூன்றாவது பேர் மாரிமுத்து.

"இருக்கேங்க," என்றார் என் வீட்டுக்காரர். வேலைக்கு ஆஜர் கொடுக்கிற மாதிரி. என் வீட்டுக்காரருக்குப் பொய்யும் தெரியாது, பொய் சொல்ல வேண்டிய நேரமும் தெரியாது.

எனக்குக் கால் ஓடியது எப்படி என்று தெரியவில்லை. துரைக்கு எதிரே போய் நின்றிருந்தேன். இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டேன்.

"துவான், இந்த ஆளை அனுப்பாதீங்க. இவருக்குப் புகையிலை போடத் தெரியும்," என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.

பெரட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது என் வீட்டுக்காரர்.

"தெம்பாக்காவ்?" என்றார் துரை. மலாயில் புகையிலைக்கு அதுதான் பேர். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"ஆமா துவான். இவங்க குடும்பமே புகையிலைக் குடும்பம். ஏழு தலைமுறையா."

ஏன் ஏழு என்று கேட்காதீர்கள். மூன்று என்றால் குறைச்சலாகப் பட்டது. கிராணியார் ஞானப்பிரகாசம் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். அவர் முகத்தில் ஒரு ரோமம் அசையாமல், "ஏழு தலைமுறை, துவான். அந்த ஊரில் பிரசித்தம்," என்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துவிட்டார்.

துரை பென்சிலை வாங்கி மாரிமுத்து பேரை அடித்தார். ஆனால் கேட்ட ஆள் எண்ணிக்கை குறையக் கூடாது. அடித்த இடத்துக்கு நேராகக் கிராணியார் வேறொரு பேர் எழுத வேண்டியிருந்தது. எழுதினார். வீராசாமி.

வீராசாமி அண்ணன் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்ராவில், அடுத்த அறையில், இருந்தவர். என் மாமனார் ஊர்க்காரர், அவர் வந்த கப்பலிலேயே வந்தவர். அவருக்கும் பாக்கியம் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. பேர் வாசித்ததும் அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். "இருக்கேன்," என்று கிராணியாரிடம் மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில் என் புருஷன் பிழைத்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இதை இப்போது பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது?

மரமும் செடியும்

"ஏன் புள்ள, எனக்குக் கீரை வெதைக்கக்கூடத் தெரியாதே," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"மரம் வெட்டத் தெரியும்ல? அதுவும் செடிதானே."

"மரம் எப்படிப் புள்ள செடியாகும்?"

"எல்லா மரமும் செடியா இருந்துதான் மரமாச்சு. பேசாம இருங்க."

பேசாமல் இருந்தார். ஆனால் மறுநாளே துரை ஆள் அனுப்பிவிட்டார், எப்போது நடப் போகிறாய் என்று. நான்தான் போனேன். நம்ம ஊர் மண் வேறு, இந்த மண் வேறு; இங்கே சின்னத் தோட்டக்காரர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் ஏழு தலைமுறை வித்தை இந்த மண்ணில் பலிக்கும் என்றேன். துரை யோசித்தார். பப்பாளி இலைச் சுருட்டை ஒருமுறை இழுத்தார். முகம் சுளித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடுதாசி எழுதிச் சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார். தோட்டங்களைப் பார்த்துப் படிக்க இவர்களுக்கு அனுமதி என்று அதில் எழுதியிருந்தது.

சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். எஸ்டேட் முழுக்க ரப்பர், ஆனால் ஒரு டயர் கிடையாது. என் வீட்டுக்காரர் ஷீட்டைக் கீறி, ரிம்மைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பின்னால் உட்கார்ந்து போன எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிவப்பு முத்திரை

போர்டிக்சன் போகும் ரோட்டோரம் ஒரு சீன அக்காவின் காய்கறித் தோட்டம். பாத்தி பிடித்த அழகைப் பார்த்தால் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும். கடைசியில் இரண்டு வரிசை புகையிலை நின்றது.

நான் ரொம்ப மிடுக்காகக் கடுதாசியை எடுத்து நீட்டினேன். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை. முத்திரையைப் பார்த்தாள். கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது. முழங்கால் வரைக்கும் குனிந்து கும்பிட்டாள். நிமிரவே இல்லை. குனிந்தபடியே கடுகுக் கீரையைப் பிடுங்கிப் பிடுங்கி எங்கள் காலடியில் வைக்க ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றுகூடக் கொடியில் இல்லை. ஏன் என்று கேட்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. சீன ஆண்களை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் என்ன செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. எனக்குப் புருஷனைக் காப்பாற்றிய காகிதம், அவளுக்கு எமன் ஓலை. இரண்டும் ஒரே காகிதம்.

எனக்கு வாய் அடைத்துப் போன சமயம் அது. அபூர்வம். என் வீட்டுக்காரர்தான் போய் அவள் எதிரே மண்ணில் குந்தினார்.

"அக்கா, நாங்க பொய் சொல்லிட்டோம்," என்றார் உடைந்த மலாயில். "புகையிலை தெரியும்னு துரைகிட்டச் சொல்லிட்டோம். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னா சயாம்."

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்ன பொய்?"

அவர் என்னைக் கை காட்டினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிடுங்கிய கீரையைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டாள். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. அப்புறம் ஒரு மூங்கில் குழாயைத் தட்டி உள்ளங்கையில் விதை கொட்டினாள். விதையா அது? மூக்குப்பொடி. தும்மினால் ஒரு தோட்டமே பறந்துவிடும். சாம்பலில் கலந்து தூவு, மேலே தென்னோலை போட்டு மூடு, தண்ணீரை ஊற்றாதே, தெளி. அவ்வளவும் சொல்லிக் கொடுத்தாள்.

"அந்தக் காகிதத்த இனிமே யார்கிட்டயும் காட்டாத, லா," என்றாள் கடைசியில். "உன் புருஷன் மொகத்தக் காட்டு. அது போதும்."

அடுத்து பகாவ் பக்கம் ஒருவர் பெரிய நிபுணர் என்று கேள்விப்பட்டுப் போனோம். போக ஒரு நாள், வர ஒரு நாள். நம்ம ஆள்தான். கருவாட்டுத் தண்ணி ஊற்றணும், அமாவாசைக்கு அமாவாசை செடியைச் சுற்றி வரணும், இலை வாடினால் அதன் காதில் நல்ல வார்த்தை சொல்லணும் என்றார். எங்கள் கிழங்கு அத்தனையும் தின்றபடியே சொன்னார். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பொய்யில் அவர் என்னைவிட மூத்தவர். பாம்பின் கால் பாம்பறியும் என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் கருவாடு எங்கே கிடைக்கும் என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

உன்னுது எது?

ரெம்பாவில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மாக் லோங்கைக் கண்டுபிடித்தது என் மூக்கு. வேலியோரம் ஒருத்தி நிப்பா என்கிற நீர்ப்பனை இலையில் சுருட்டிப் புகைத்துக்கொண்டிருந்தாள். பப்பாளி நாற்றம் இல்லை. அசல் புகையிலை. சைக்கிளை நிறுத்தச் சொன்னேன்.

மாக் லோங் என்றால் மூத்த பெரியம்மா என்கிற மாதிரி. வயது நாற்பதுதான் இருக்கும், ஆனால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. கால் வைத்துக் கட்டிய பலகை வீடு. வீட்டுக்கு அடியில் நிழலில் புகையிலை மஞ்சள் மஞ்சளாகத் தொங்கியது.

என் வீட்டுக்காரர் பணிவாக ஆரம்பித்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னிடம்தான் பேசினாள். அந்தப் பக்கத்து மலாய்க்காரர்களில் நிலமும் வீடும் பெண்ணுக்குத்தான். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். புருஷன் வந்து இருக்கலாம், அவ்வளவுதான்.

"நிலம் உன்னுதா?" என்றாள்.

"இல்ல, மாக் லோங். துரையோடது."

"வீடு?"

"அதுவும் துரையோடது."

"அப்ப உன்னுது எதுதான்?"

வீட்டுக்காரரைக் காட்டினேன்.

மாக் லோங் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் மாடு பார்க்கிற பார்வை. "இது மட்டும்தானா? அப்ப பத்திரமா வச்சுக்க," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன், முழுதாக.

சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பாடம். பாடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் காலால் மிதிக்கும் உரலில் அவள் நெல்லைக் குத்திக் கொடுக்க வேண்டும்.

முதல் தடவை குத்தினார். நாற்றை மேகம் மூடிய சாயங்காலத்தில்தான் பிடுங்கி நட வேண்டும் என்றாள். முடிந்தது பாடம். இரண்டாம் தடவை குத்தினார். பூ எட்டிப் பார்த்தால் கிள்ளிவிட வேண்டும் என்றாள். "பூவப் போய்க் கிள்ளச் சொல்றாளே, பாவம்," என்று இவருக்குத்தான் ரொம்ப வருத்தம். மூன்றாம் தடவை பக்கக் கிளையும் புழுவும். புகையிலைப் பிசின் ஒட்டிக் கை கறுத்துப் போனது. பால்மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் உரித்த கைதானே, அதை அவர் சட்டை செய்யவில்லை.

"எப்படி உலர்த்தணும், மாக் லோங்?" என்று கேட்டேன். அவள் குத்தாத நெல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ."

நெல் இருக்கிற வரைக்கும் அவள் பாடம் முடியாது என்று எனக்குப் புரிந்தது. வாய் வரைக்கும் வசவு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொட்டலம் அரிசி கொடுத்து அனுப்புவாள், அதனால் விழுங்கிக்கொண்டேன்.

முதல் தரம்

எங்கள் செடி நன்றாகவே வந்தது. துரை தினமும் சாயங்காலம் வந்து இலையைத் தடவிப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். பெண் பிள்ளைக்கு எப்போது கலியாணம் என்று கேட்கிற மாதிரி, எப்போது, எப்போது என்பார். ஒரு நாள் திடீரென்று இந்தச் சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். செரம்பானிலிருந்து அவருடைய மேலதிகாரி வருகிறாராம், அதற்குள் முதலில் தான் ருசி பார்க்க வேண்டுமாம்.

ஆறு நாள் இருந்தது. வழியில் புதிதாகச் சோதனை போட்டிருந்ததால் ரெம்பாவ் போக முடியவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு யோசனை வந்தது.

"இலையக் காய வைக்கத்தானே வேணும்? நம்மகிட்டப் புகைக்கூடம் இருக்கே. எத்தனை வருசமா ஷீட்டு காய வச்சிருக்கோம்!"

சொன்னால் நம்புங்கள், எனக்கும் அது அபாரமான யோசனையாகத்தான் பட்டது. ரப்பர் ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் கூடம் அது. எங்களுக்குத் தெரிந்த உலர்த்தல் அது ஒன்றுதான். இலைகளை ஷீட்டு மாதிரியே கழியில் தொங்கவிட்டார். பால்மரக் கட்டையை அடுக்கித் தீ மூட்டினார். ஷீட்டு மாதிரியே தினமும் திருப்பிப் போட்டார். எத்தனையோ வருஷத்து ரப்பர் புகை அந்தச் சுவரில் படிந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் இலை கறுப்பாக, பளபளவென்று வெளியே வந்தது. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். ஷீட்டுக்குத் தரம் பிரிக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"முதல் தரம்," என்றார் பெருமையாக.

அந்த முதல் தரத்தைத்தான் துரை இழுத்தார்.

ஒரே ஒரு உண்மை

இருமல் ஒருவழியாக அடங்கியது. துரையின் கண் சிவந்து நீர் வழிந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏழு தலைமுறை?" என்றார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. மழை மேல் பழி போடலாம். மண் மேல் போடலாம். வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"என் தப்புதான், துவான். புகைக்கூடத்துல வச்சுட்டேன். ஷீட்டு மாதிரி."

அறை விழுந்தது. அவர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. அந்த விவகாரம் முழுவதிலும் துரையிடம் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான், அதற்குத்தான் அடி. சயாம் லாரி கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கு ஐந்தாறு மாதம் முன்னால்தான் வீராசாமி அண்ணன் அதில் ஏறிப் போயிருந்தார்.

துரை கீழே பார்த்தார். குனிந்தார். விழுந்து கிடந்த சுருட்டை எடுத்துத் தூசியைத் தட்டினார். மறுபடியும் ஒரு இழுப்பு. இருமினார். இன்னொரு இழுப்பு.

"தானாம் லாகி," என்றார். மறுபடி நடு.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. நல்ல புகையிலை கிடைத்துவிட்டால் இந்த ஆளுக்கு மாரிமுத்து எதற்கு? கிடைக்காமலே போனாலும் எதற்கு? கிடைக்கும் கிடைக்கும் என்று இருக்க வேண்டும். அதுவரை என் புருஷன் என்னிடம்.

மாக் லோங்கிடம் போய் நடந்ததைச் சொன்னபோது, சிரித்துச் சிரித்து ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் முதல் தரத்தை முகர்ந்து பார்த்துக் கோழிக்கு வீசினாள். கோழிகள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டன. பிறகுதான் உலர்த்தலைச் சொன்னாள். நிழலில் மஞ்சளாகும் வரை தொங்கவிடு. நரம்பை எடு. மெலிசாக நறுக்கு. மூங்கில் தட்டில் பரப்பி வெயிலில் ஒரு பகல், பனியில் ஒரு ராத்திரி.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன் கோபமாக.

"எல்லாத்தையும் அன்னைக்கே சொல்லியிருந்தா, நீ திரும்பி வந்திருப்பியா?" என்றாள் மாக் லோங்.

அந்தப் பாடத்துக்கு மட்டும் அவள் நெல் குத்தச் சொல்லவில்லை.

பக்கத்துக் காம்ரா

அதற்கப்புறம் எத்தனையோ அறுவடை. எல்லாம் கிட்டத்தட்ட நன்றாக வந்தன. ஒருமுறை பச்சை வாடை. ஒருமுறை ஈரம். ஒருமுறை லேசாகப் பூசணம். துரை திட்டுவார், புகைப்பார், மறுபடி நடச் சொல்வார். என் வீட்டுக்காரர் கடைசிவரை பொய் சொல்லவில்லை. துரை கேட்டால், "இன்னும் படிச்சிக்கிட்டே இருக்கேன், துவான்," என்பார். நான் மூங்கில் தட்டை வெயிலிலிருந்து சீக்கிரமே எடுத்துவிடுவேன். ஏன் என்று அவர் கேட்க மாட்டார்.

இவ்வளவு சாமர்த்தியமும் பக்கத்துக் காம்ராவில் செல்லுபடியாகவில்லை. பாக்கியம் அக்கா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். மாக் லோங் கொடுக்கும் அரிசியில் பாதியை அவள் வாசலில் வைப்பேன். காலையில் அது என் வாசலில் இருக்கும். மறுபடி வைப்பேன். மறுபடி வரும். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் அந்த அரிசி நடந்த நடைக்குச் சயாமுக்கே போயிருக்கலாம். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கு வைத்தது திரும்பி வரவில்லை. ஆனாலும் பேசவில்லை.

ஒரு நாள் துரையைக் காணோம். ஜப்பான் தோற்றுவிட்டது என்றார்கள். பங்களா வாசலில் ஒரு பப்பாளி இலைச் சுருட்டு பாதி எரிந்து கிடந்தது. அந்தப் பருவத்துப் புகையிலையை எங்கள் கூரைக்கடியில் உலர வைத்திருந்தேன். கெடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஒரு பகலும் குறைக்கவில்லை, ஒரு பனியும் குறைக்கவில்லை. தேன் நிறத்தில் வந்தது. என் வீட்டுக்காரருக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. அதை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். யாருக்கு என்று எனக்கே தெரியாது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், லயத்து முனையில் யாரோ கோலூன்றி வருவது தெரிந்தது. பாக்கியம் அக்கா முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய ஓட்டத்தைப் பார்த்துத்தான் அது யார் என்று எனக்குத் தெரிந்தது. ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அந்த லாரியில் போன பதினோரு பேரில் வந்தது அவர் மட்டும்தான்.

இரண்டு நாள் நான் என் காம்ராவை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அவரே வாசலில் வந்து உட்கார்ந்தார். கணுக்காலில் பாதி சதையைக் காணோம்.

"மாரி எங்க, தங்கச்சி?"

"மரவள்ளிக் காட்டுல இருக்காருண்ணே."

"பொகைக்க ஏதாச்சும் இருக்கா?"

டப்பாவை எடுத்து வந்தேன். நிப்பா இலையில் இறுக்கிச் சுருட்டினேன். பற்ற வைத்துக் கொடுத்தேன். இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இருமல் வரவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். எத்தனையோ பொய்யை அருவியாகக் கொட்டிய வாய். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒன் மாமனாரு ஊருல மாட்டுத் தரகு பாத்தவரு, தெரியுமா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அந்த மனுசன் பொகையிலைச் செடிய ஆயுசுல கண்டதில்ல."

"தெரியும், அண்ணே."

"எனக்கும் அன்னைக்குப் பெரட்டுலயே தெரியும் லா."

இன்னொரு இழுப்பு இழுத்தார். புகையை மெதுவாக விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "இன்னொண்ணு சுருட்டு."